காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை: இந்தியா – பாகிஸ்தான் சமாதானம் பற்றி எங்கள் வாசகசாலையில் கேட்ட கேள்விகள்

முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். விளவங்கோடு தாலுகாவில் எங்கள் ஊர் வாசகசாலைக்குச் சாயங்காலம் பத்திரிகை படிக்க வருகிறவர்கள் என்னைச் சும்மா விடுவதில்லை. 2025 மே மாதச் சண்டைக்குப் பிறகு கேள்விகள் கூடிப்போயின. பட்டாளத்தில் பிள்ளை இருக்கிற அம்மாக்கள், ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர்கள், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகள், கல்ஃபிலிருந்து லீவுக்கு வந்தவர்கள் என்று ஆளுக்கொரு கேள்வி. ஒரே பதிலைப் பத்துத் தடவை சொல்வதற்கு எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். 2025 கடைசி வரையிலான நிலவரம் இது.

சாரே, சண்டை எதுக்காக? சுருக்கமா சொல்லுங்க.

சுருக்கமாகச் சொன்னால் காஷ்மீர். 1947 ஆகஸ்டில் பிரிட்டிஷ்காரர்கள் நாட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லைக்கோடு போட வந்த ராட்கிளிஃப் அதற்கு முன் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. சுமார் ஐந்து வாரத்தில் வேலையை முடித்தார். கோடு எங்கே போகிறது என்று ஜனங்களுக்குத் தெரிந்தது ஆகஸ்ட் 17ஆம் தேதி, சுதந்திரம் கிடைத்து இரண்டு நாள் கழித்து. ஜம்மு காஷ்மீர் மன்னர் ஹரி சிங் எந்தப் பக்கமும் சேராமல் இழுத்துக்கொண்டிருந்தார். பாகிஸ்தான் பக்கமிருந்து ஆயுதத்தோடு பழங்குடிப் படையினர் உள்ளே புகுந்ததும் அக்டோபர் 26இல் இந்தியாவோடு இணையும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். போர் மூண்டது. 1949 ஜனவரி 1இல் நின்றது. அன்று யார் எங்கே நின்றார்களோ, கொஞ்சம் முன்னே பின்னே, இன்றும் அங்கேதான் நிற்கிறார்கள். இந்தியா, முழு மாநிலமும் சட்டப்படி தன்னோடு இணைந்தது என்கிறது. பாகிஸ்தான், மக்களிடம் கேட்டு முடிவு செய்யவில்லை, ஆகவே விஷயம் முடியவில்லை என்கிறது.

எல்லை மாறுவது என்றால் என்னவென்று நம் மாவட்டத்துக்குத் தெரியாததில்லை. 1956 நவம்பர் 1இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. நெய்யாற்றின்கரை கேரளப் பக்கமே நின்றுவிட்டது. அதற்கு முன் 1954 ஆகஸ்டில் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி எல்லாம் நடந்தது. என் அம்மா வீடு நெய்யாற்றின்கரை. ஆனாலும் மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போக எங்களுக்கு விசா வேண்டியிருக்கவில்லை, களியக்காவிளையில் பஸ் மாறினால் போதும். அமிர்தசரஸுக்கும் லாகூருக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டர்தான். அந்த ஐம்பது கிலோமீட்டரைக் கடக்க முடியாமலே ஒரு தலைமுறை செத்துப்போயிற்று.

இதுவரைக்கும் சமாதானமே பேசலியா?

பேசாமலா? பேசியதை எண்ணினால் கை வலிக்கும். பேச்சு நன்றாகப் போகிற நேரம் பார்த்துத்தான் ஏதாவது நடக்கும். அந்தக் கதையைச் சொல்ல எனக்குப் பிடித்த இடம் சேப்பாக்கம்.

1999 ஜனவரி 31. சென்னை டெஸ்டில் பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தது. முதுகுவலியோடு 136 அடித்த டெண்டுல்கர் அவுட்டானதும் மிச்ச விக்கெட்டுகள் மளமளவென்று விழுந்தன. நம் ஆட்கள் அழுதார்கள். ஆனால் பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தபோது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. அதற்கு மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 20ஆம் தேதி, பிரதமர் வாஜ்பாய் பஸ்ஸில் வாகா எல்லையைத் தாண்டி லாகூர் போனார். தனிநாடு கேட்டுப் போட்ட பாகிஸ்தான் தீர்மானத்தின் நினைவுச் சின்னமான மினார்-எ-பாகிஸ்தானுக்கே போய் நின்றார். பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீஃபோடு லாகூர் பிரகடனம் கையெழுத்தானது. மே மாதம் பார்த்தால் கார்கில் மலை உச்சிகளில் பாகிஸ்தான் படை உட்கார்ந்திருக்கிறது. பஸ் போகிறபோதே அங்கே ஏறத் தொடங்கிவிட்டார்கள். ஜூலை 26 வரை சண்டை. இந்தியத் தரப்பில் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட வீரர்கள் போனார்கள்.

மற்றவற்றைக் கடகடவென்று சொல்கிறேன். 1965 போருக்குப் பின் தாஷ்கண்ட் ஒப்பந்தம், 1966 ஜனவரி 10. அன்றிரவே லால் பகதூர் சாஸ்திரி அங்கேயே காலமானார். 1971இல் வங்கதேசப் போர், 1972 ஜூலை 2இல் சிம்லா ஒப்பந்தம். 2001 ஜூலையில் ஆக்ராவில் பேச்சு, வெறுங்கையோடு முடிந்தது. டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதல். 2015 கிறிஸ்துமஸ் அன்று பிரதமர் மோடி சொல்லாமல் கொள்ளாமல் லாகூரில் இறங்கினார். ஒரு வாரத்தில் பதான்கோட் விமானப்படைத் தளத்தில் தாக்குதல்.

இதில் நிஜமாகவே கிட்டத்தில் வந்தது என்று நான் நினைப்பது 2004 முதல் 2007 வரை நடந்த ரகசியப் பேச்சு. மன்மோகன் சிங் தரப்பில் பெரும்பாலும் சதீந்தர் லாம்பா, பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப் தரப்பில் தாரிக் அஜீஸ். எல்லைக்கோட்டை அழிக்கவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம், ஆனால் இரண்டு பக்கத்துக் காஷ்மீரிகளும் போய்வர வழி செய்வோம், படையைப் படிப்படியாகக் குறைப்போம் என்கிற மாதிரி. 2005 ஏப்ரலில் ஸ்ரீநகருக்கும் முசாஃபராபாத்துக்கும் பஸ்கூட ஓடியது. 2007இல் முஷாரஃபுக்குச் சொந்த நாட்டிலேயே நாற்காலி ஆட்டம் கண்டது. 2008 நவம்பரில் மும்பை. அதோடு சரி.

அப்போ பேசி ஒண்ணும் ஆகல்லன்னுதானே அர்த்தம்?

அப்படித்தான் நானும் ரொம்ப காலம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. கட்டிப்பிடித்து போட்டோ எடுத்த சமாதானமெல்லாம் உடைந்தது உண்மை. ஆனால் அந்த நேரங்களில் பக்கத்தில் சத்தமில்லாமல் கையெழுத்தான சின்னச் சின்னக் காகிதங்கள் இருக்கின்றன. சிறைக்கைதிப் பட்டியல், அணு உலைப் பட்டியல், ஏவுகணை விடுமுன் ஒருவருக்கொருவர் தகவல் சொல்வது, இரண்டு ராணுவத்துக்கும் நடுவே ஒரு டெலிபோன். போர் நடக்கும்போதும் இவை பெரும்பாலும் ஓடியிருக்கின்றன. கீழே வருகிற பதில்களில் பாதி இவற்றைப் பற்றித்தான்.

2025 மே மாசம் நடந்தது என்ன? யாரு நிறுத்தினா?

ஏப்ரல் 22இல் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் மீது தீவிரவாதிகள் சுட்டதில் 26 பேர் இறந்தார்கள். மறுநாளே இந்தியா சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது, அட்டாரி எல்லை வாசலை மூடியது, பாகிஸ்தானியரின் விசாக்களை ரத்து செய்தது. பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. மே 7 அதிகாலையில் இந்தியா ஒன்பது இடங்களைத் தாக்கியது. ஆபரேஷன் சிந்தூர் என்று பேர் வைத்தார்கள். அதற்குப் பிறகு ட்ரோன், ஏவுகணை, எல்லையில் பீரங்கிக் குண்டு. ஜம்மு எல்லையோரத்துப் பூஞ்ச் டவுனில் சாதாரண ஜனங்கள் நிறையப் பேர் செத்தார்கள். பாகிஸ்தான் பக்கமும் பொதுமக்கள் இறந்ததாக அந்நாடு சொன்னது.

மே 10 பகல் 3.35க்குப் பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைத் தலைமை அதிகாரி இந்தியத் தரப்பு அதிகாரியைப் போனில் கூப்பிட்டார். சாயங்காலம் 5 மணி முதல் தரை, வான், கடல் மூன்றிலும் நிறுத்துவது என்று முடிவானது. அதை உலகத்துக்கு முதலில் சொன்னவர் அமெரிக்க அதிபர் டிரம்ப். நான்தான் நிறுத்தினேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். பாகிஸ்தான் அவருக்கு நன்றி சொன்னது. இந்தியா, இரண்டு ராணுவமும் நேராகப் பேசி முடித்தது, நடுவர் யாருமில்லை என்கிறது. சிம்லாவிலேயே எல்லாவற்றையும் நாம் இருவருமே பேசித் தீர்ப்போம் என்று எழுதியிருப்பதால் இந்தியா அந்தச் சொல்லை விட்டுக்கொடுக்காது. யார் சொன்னது சரி என்று வாசகசாலையில் இரண்டு கட்சியாக நின்று சாயா ஆறிப்போகிற அளவுக்குச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு நான் எங்கள் ஊரில் ஒரு வீட்டில் இருந்தேன். பையன் பூஞ்ச் பக்கம் ஓர் யூனிட்டில் இருந்தான். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவன் அம்மா சார்ஜரைக் கழற்றாமலே போனைக் கையில் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். வயர் எட்டுகிற தூரம்தான் நகர முடியும். அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்து குழைந்துபோய்விட்டது, யாரும் இறக்கவில்லை. "சாரே, நிறுத்தியாச்சுன்னு எழுதிக் காட்டுதான். பின்ன இவன் ஏன் போன் எடுக்கல்ல?" என்றார். அன்று ராத்திரியும் ட்ரோன் வந்ததாகச் செய்தி ஓடியது. மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. பையன் பேசியது மொத்தம் ஐந்து வார்த்தை இருக்கும். அம்மா அதைப் பத்துப் பேரிடம் பத்து மாதிரி சொன்னார்.

அந்த டெலிபோன் என்னது? எப்பவும் இருக்குமா?

இரண்டு ராணுவத்திலும் நடவடிக்கைகளுக்கான தலைமை இயக்குநர் என்று ஓர் அதிகாரி உண்டு. சுருக்கமாக டி.ஜி.எம்.ஓ. 1971 போருக்குப் பிறகு இவர்களுக்குள் நேரடி ஹாட்லைன் ஏற்பட்டது. சாதாரண நாட்களில் வாரத்துக்கொரு தடவை, செவ்வாய்க்கிழமை, கீழ்நிலை அதிகாரிகள் பேசிக்கொள்வது வழக்கம். விஷயம் பெரிதானால் தலைமை அதிகாரிகளே பேசுவார்கள்.

2003 நவம்பரில் எல்லையில் சண்டை நிறுத்தம் வந்தது. கொஞ்ச வருடம் நன்றாக ஓடிப் பிறகு தேய்ந்துபோயிற்று. 2020இல் மட்டும் 5,133 தடவை மீறல் என்று இந்தியா கணக்குக் கொடுத்தது. அடுத்த வருடம் பிப்ரவரி 25ஆம் தேதி இரண்டு டி.ஜி.எம்.ஓ.க்களும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள், அவ்வளவுதான், குண்டுச் சத்தம் கிட்டத்தட்ட நின்றது. மாலை இல்லை, பஸ் இல்லை, விருந்து இல்லை. காஷ்மீரை இரண்டாகப் பிரிக்கிற கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டிய கிராமங்களில் நான்கு வருடம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே காவலுக்கு நின்ற காலம்தான் அது. நம்மூர்ப் பத்திரிகையில் அந்தச் செய்தி ஒரு பத்தி வந்ததாக ஞாபகம்.

கூடங்குளத்துமேல குண்டு போட்டுட்டா நம்ம கதி?

இந்தக் கேள்வி வராத நாளில்லை. கூடங்குளம் திருநெல்வேலி மாவட்டம் என்றாலும் கன்னியாகுமரிக் கரையில் நின்றால் பக்கத்து வீடு மாதிரி. ஆயிரம் மெகாவாட் உலை இரண்டு ஓடுகிறது.

1988 டிசம்பர் 31இல் ராஜீவ் காந்தியும் பேநசீர் புட்டோவும் பிரதமராக இருந்தபோது இஸ்லாமாபாத்தில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்கக் கூடாது. மின் உலை, ஆராய்ச்சி உலை, எரிபொருள் செய்கிற இடம், கதிரியக்கப் பொருள் அதிக அளவில் வைத்திருக்கிற இடம் எல்லாம் இதில் வரும். எது எது எங்கே இருக்கிறது என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு பட்டியல் எழுதி ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் மாற்றிக்கொள்ள வேண்டும். 1992இல் ஆரம்பித்தது. கார்கில் வந்தது, பாராளுமன்றத் தாக்குதலுக்குப் பின் இரண்டு படையும் பத்து மாதம் எல்லையில் முகத்துக்கு முகம் நின்றது, மும்பை நடந்தது, 2019இல் பாலாகோட்டில் இந்தியா விமானத்தில் போய்க் குண்டு போட்டது. பட்டியல் ஒரு வருடமும் தவறவில்லை. 2025 ஜனவரி 1இல் நடந்தது 34ஆவது தடவை. பட்டியலை வெளியில் காட்டமாட்டார்கள். ஆனால் ஒப்பந்தத்தின் வரையறைப்படி மின் உலை என்றால் உள்ளே வந்தாக வேண்டும்.

ஒப்பந்தக் காகிதம் குண்டைத் தடுக்குமா என்று கேட்டால், தடுக்காது. ஆனால் தெரியாமல் விழுந்துவிட்டது என்று சாக்குச் சொல்ல முடியாது. ஒருவர் உலையில் குண்டு விழுந்தால் காற்று யார் பக்கம் வீசும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

சிந்து நதித் தண்ணியை நாம நிறுத்திட்டோமா?

ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம். தண்ணீரை அப்படி நிறுத்த முடியாது.

1960 செப்டம்பர் 19இல் கராச்சியில் நேருவும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் கையெழுத்துப் போட்டார்கள், உலக வங்கி நடுவே நின்றது. ராவி, பியாஸ், சட்லெஜ் மூன்றும் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் மூன்றும் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. மொத்தத் தண்ணீரில் ஏறக்குறைய 80 சதவீதம் அந்தப் பக்கம் போகிறது. மேற்கு ஆறுகளில் இந்தியா மின்சாரம் எடுக்கலாம், ஆனால் பெரிதாகத் தேக்கக் கூடாது. கிழக்கு ஆறுகளை விட்டுக்கொடுத்த பாகிஸ்தான் புதுக் கால்வாய் வெட்டிக்கொள்ள இந்தியா பத்துத் தவணையில் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது. 1965இல் போர் நடந்த வருடத் தவணையையும் கொடுத்தது.

இப்போது நிறுத்தி வைத்ததில் உடனே நடப்பது என்னவென்றால், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்கிற கணக்கைத் தரவேண்டியதில்லை, அணையைத் திறந்து வண்டல் கழுவுவதற்குக் காலம் பார்க்க வேண்டியதில்லை, இரு நாட்டு ஆணையர்கள் சந்திக்க வேண்டியதில்லை. செனாப் தண்ணீரை முழுக்கப் பிடித்து வைக்கிற அளவுக்கு அணை கிடையாது. கட்டினாலும் பல வருடம் ஆகும். பயிர் வைக்கிறவனுக்கு அந்தக் கணக்கு வராததே தொல்லை. எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாவிட்டால் நாற்று எப்படி விடுவான்?

அதைப் புரிந்துகொள்ள விளவங்கோட்டுக்காரனுக்குப் பஞ்சாப் வரை போக வேண்டாம். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் 2004 முதல் கேரளம் தண்ணீர் விடவில்லை. இந்தப் பக்கம் 9,200 ஏக்கர் அந்தத் தண்ணீரை நம்பியிருந்தது. கால்வாய்க்குள் இப்போது காடு மண்டிக் கிடக்கிறது. ஒரே நாடு, ஒரே உச்ச நீதிமன்றம். இருந்தும் இருபது வருடமாக இழுக்கிறது. இதைப் பார்த்தபின் 1960 ஒப்பந்தம் அறுபத்தைந்து வருடம் ஓடியதே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

கடல்ல எல்லை எங்க இருக்கு? நம்ம போட்டு குஜராத் பக்கம் போனா ஆபத்தா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீரோடி முதல் தூத்தூர், இரயுமன்துறை வரையுள்ள ஊர்க்காரர்கள் அரபிக்கடல் முழுக்கச் சுற்றுகிறவர்கள். ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் தங்கல் போடுகிற தொழில். சுறாவையும் சூரையையும் தேடிக் கொச்சி, ரத்னகிரி, வேராவல் என்று போகிறார்கள். 2017 ஒக்கிப் புயலில் நம் போட்டுகள் மகாராஷ்டிரம், குஜராத் வரைக்கும் கரை ஒதுங்கியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

விஷயம் என்னவென்றால் அரபிக்கடலில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே ஒப்புக்கொண்ட எல்லைக்கோடே கிடையாது. காரணம் சர் கிரீக். கட்ச் சதுப்பில் 96 கிலோமீட்டர் நீளமுள்ள உப்பங்கழி. மனிதன் குடியிருக்கிற இடமில்லை, சேறும் பாம்பும்தான். 1914இல் பம்பாய் அரசாங்கம் போட்ட தீர்மானத்தைக் காட்டி, கழியின் கிழக்குக் கரை வரை எங்களுக்கு என்கிறது பாகிஸ்தான். அதே காகிதத்தில் படகு போகிற கழியில் நடு ஓட்டம்தான் எல்லை என்று இருக்கிறதே, ஆகவே பாதிப்பாதி என்கிறது இந்தியா. இது படகு போகிற கழியே இல்லை என்று அவர்கள், அலை ஏறும்போது போகிறதே என்று இவர்கள். கழியின் வாய் எங்கே முடிகிறதோ அங்கிருந்துதான் கடலில் கோடு ஆரம்பிக்கும். கரையில் சில கிலோமீட்டர் நகர்ந்தால் கடலில் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் நகரும். மீனும் எண்ணெயும் அந்தக் கணக்கில் போகும். 2007இல் இரண்டு நாடும் சேர்ந்து சர்வேகூடச் செய்தது. கையெழுத்துதான் ஆகவில்லை. காஷ்மீரைவிட எளிதில் தீர்த்திருக்க வேண்டியது இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஜக்காவ், ஓகா, போர்பந்தர் பக்கத்துப் படகுகள்தான் அதிகம் மாட்டுகின்றன. வலை இழுவையில் நகரும், எஞ்சின் நின்றால் நீரோட்டம் கொண்டுபோகும், மீன் அந்தப் பக்கம் இருக்கிறதென்று துணிந்து போகிறவர்களும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். பாகிஸ்தான் கடல் பாதுகாப்புப் படை பிடித்தால் கராச்சி மலிர் சிறை. அவர்கள் ஆட்களை நம் கடலோரக் காவல் படை பிடித்தால் குஜராத் சிறை. 2025 ஜூலை 1 பட்டியல்படி பாகிஸ்தானில் இந்திய மீனவர்கள் 193 பேர், இந்தியாவில் பாகிஸ்தான் மீனவர்கள் 81 பேர். நம் மாவட்டத்துப் போட்டுகளுக்கு இந்தியப் பெருங்கடலில் பிரிட்டிஷ் தீவான டீகோ கார்சியா பக்கம் பிரிட்டிஷ்காரரிடம் மாட்டிய அனுபவம்தான் அதிகம். அதனால் வடக்கே போகும்போது அதே கணக்கில் போகக் கூடாது. டீகோ கார்சியாவில் மாட்டினால் அபராதம் கட்டலாம். இங்கே இரண்டு அரசாங்கமும் எந்த மனநிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பிடிபட்டா வீட்டுக்காரங்க என்ன செய்யணும்?

2008 மே மாதம் கையெழுத்தான தூதரகத் தொடர்பு ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. ஜனவரி 1, ஜூலை 1 என்று வருடத்துக்கு இரண்டு தடவை கைதிப் பட்டியலை மாற்றிக்கொள்ள வேண்டும். பிடிபட்ட மூன்று மாதத்துக்குள் சொந்த நாட்டுத் தூதரக அதிகாரி போய்ப் பார்க்க விடவேண்டும். இன்ன நாட்டுக்காரன் என்று உறுதியாகி, தண்டனையும் முடிந்தால் ஒரு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். அந்த ஒரு மாதம் நடைமுறையில் வருடக்கணக்காக நீளும். பெரும்பாலும் இழுப்பது "உறுதியாகி" என்கிற இடத்தில்தான். அங்கே ஒருவன் சொல்கிற பேரும் விலாசமும் இங்கே வந்து, காவல்நிலையம் வீட்டுக்கு வந்து பார்த்து, திரும்பிப் போகவேண்டும். ஊர்ப் பேரை ஆங்கிலத்தில் தப்பாக எழுதிவிட்டால் அதற்கே மாதங்கள் போகும்.

ஆகவே செய்யவேண்டியது: மீன்துறை அலுவலகத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் உடனே எழுத்தில் கொடுங்கள். பங்குத்தந்தையைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், நம் கடற்கரையில் அவர் சொன்னால் காரியம் நகரும். ஆதார், மீனவர் அடையாள அட்டை, போட்டு ஆர்.சி., ஒரு நல்ல போட்டோ, இவற்றின் நகல் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். எல்லாவற்றையும் போட்டிலேயே வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். போட்டோடு காகிதமும் போய்விடும். ஆள் திரும்பினாலும் போட்டு திரும்புவது அபூர்வம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

திரும்பி வருகிறவர்களைக் கராச்சியிலிருந்து லாகூருக்குக் கொண்டுவந்து, வாகா – அட்டாரி வாசலில் ஒப்படைப்பார்கள். கடலில் பிடிபட்டவன் தரை வழியாக வருகிறான். 2014 முதல் 2025 ஜூலை வரை 2,661 மீனவர்கள் இப்படித் திரும்பியிருக்கிறார்கள் என்று வெளியுறவு அமைச்சகம் சொல்கிறது. 2025 மேயில் சண்டை முடிந்த நான்காம் நாள், ஏப்ரல் 23இல் தவறுதலாக எல்லை தாண்டிப் பிடிபட்ட எல்லைக் காவல் படை வீரர் ஒருவரையும் இதே வாசலில்தான் அனுப்பி வைத்தார்கள். பதிலுக்கு ஒரு பாகிஸ்தான் ரேஞ்சர் அந்தப் பக்கம் போனார். வியாபாரத்துக்கு மூடியிருந்த வாசல் இவர்களுக்குத் திறந்தது.

மும்பைத் தாக்குதலுக்கும் நம்ம கரையில நடக்கிற சோதனைக்கும் என்ன சம்பந்தம்?

2008 நவம்பர் 26இல் மும்பைக்கு வந்த பத்துப் பேரும் கடல் வழியாகத்தான் வந்தார்கள். போர்பந்தரைச் சேர்ந்த குபேர் என்கிற மீன்பிடிப் படகைக் கடத்தி, அதில் இருந்தவர்களைக் கொன்றுவிட்டு வந்தார்கள். 166 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மீனவனுக்கு பயோமெட்ரிக் அட்டை, போட்டுக்கு நிறம், குளச்சல் மரைன் போலீஸின் கெடுபிடி எல்லாம். சாகர் கவச் என்று வருடந்தோறும் ஒத்திகை நடக்கும். போலீஸ்காரர்களே தீவிரவாதி வேஷத்தில் டம்மி வெடிகுண்டோடு கடலில் வருவார்கள், மற்ற போலீஸார் பிடிக்க வேண்டும். சின்னமுட்டத்தில் ஒரு தடவை பார்த்தேன். வேஷம் போட்ட ஆளை ஐஸ் உடைக்கிற பையன் ஒருவன் தூரத்திலேயே காட்டிக்கொடுத்தான். "கரைக்காரன் எவனும் வள்ளத்தில இருந்து அப்படி இறங்க மாட்டான்" என்றான்.

கல்ஃபுக்குப் போற விமானம் சுத்திப் போகுமா?

திருவனந்தபுரத்திலிருந்து போவதற்குப் பெரிய வித்தியாசமில்லை, அது அரபிக்கடல் மேலே போகிறது. டெல்லியிலிருந்து மேற்கே போகிறவர்களுக்குத்தான் பாகிஸ்தான் வான்வெளி மூடியதால் நேரமும் காசும் கூடியது.

சிம்லா ஒப்பந்தம் ரத்தாகிப் போச்சா?

இல்லை. 2025 ஏப்ரல் 24இல் பாகிஸ்தான், சிம்லா உட்பட இருதரப்பு ஒப்பந்தங்களை நிறுத்தி வைக்கும் உரிமை தனக்கு உண்டு என்று சொன்னது. முறித்ததாகச் சொல்லவில்லை. கட்டுப்பாட்டுக் கோடு என்கிற பேரே சிம்லாவுக்குப் பிறகு வந்ததுதான். டி.என்.பி.எஸ்.சி. பிள்ளைகள் கவனிக்க: 1949 கோடு சண்டை நிறுத்தக் கோடு, 1972 கோடு கட்டுப்பாட்டுக் கோடு. மாற்றி எழுதி மார்க்கை விட்டவர்கள் உண்டு.

டிவியில கராச்சித் துறைமுகமே போச்சுன்னு காட்டினானே?

போகவில்லை. அந்த நான்கு நாளில் வீடியோ கேம் காட்சியைப் போர்க் காட்சி என்று வாட்ஸப்பில் எனக்கே ஏழு பேர் அனுப்பினார்கள். அதில் இரண்டு பேர் என் பழைய மாணவர்கள். முப்பது வருடம் நான் என்ன நடத்தினேன் என்று யோசிக்க வைத்துவிட்டார்கள்.

கிரிக்கெட்டாவது ஆடலாமில்லியா?

பொதுவான மைதானத்தில் ஆடுகிறார்கள். 2025 செப்டம்பரில் துபாயில் ஆசியக் கோப்பை ஆட்டத்தில் டாஸுக்கும் கைகுலுக்கவில்லை, ஆட்டம் முடிந்தும் கைகுலுக்கவில்லை. கோப்பையை ஜெயித்த இந்திய அணி பாகிஸ்தான்காரர் கையால் அதை வாங்க மறுத்தது. சேப்பாக்கத்தில் அன்று எழுந்து நின்றவர்களுக்கு இப்போது என் வயசு இருக்கும்.

வியாபாரம் நின்னா நமக்கென்ன? நாம பாகிஸ்தான் சாமான் வாங்குறோமா?

வாங்கிக்கொண்டுதான் இருந்தோம், தெரியாமல். 2019 புல்வாமாத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியா அங்கிருந்து வருகிற பொருளுக்கு 200 சதவீத வரி போட்டது. 2025 மே 2இல் நேராகவோ வேறு நாடு வழியாகவோ எதுவும் வரக்கூடாது என்று முழுக்கத் தடை செய்தது. முன்பு அட்டாரி வழியாகக் காய்ந்த பேரீச்சை, சிமென்ட், ஜிப்சம் வரும். கூடவே உப்பு.

இளஞ்சிவப்பாகக் கட்டி கட்டியாக இருக்குமே, இந்துப்பு. நம் மாவட்டத்து வைத்தியர்கள் சூரணத்துக்கும் வர்ம எண்ணெய்க்கும் கேட்பது. அதன் பெரிய சுரங்கம் பாகிஸ்தான் பஞ்சாபில் கெவ்ரா என்கிற ஊரில் இருக்கிறது. வடமொழியில் சைந்தவம் என்பார்கள், சிந்து தேசத்து உப்பு என்று பொருள். போன மாதம் முட்டுவலி எண்ணெய் காய்ச்ச என் மனைவி கேட்டாள் என்று நாகர்கோவிலில் ஒரு நாட்டுமருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் டப்பாவைத் திறந்து அடியில் கிடந்ததைச் சுரண்டி எடுத்து நிறுத்தார்.

"அண்ணாச்சி, இது பழைய ஸ்டாக்கு. அடுத்த தடவை ராஜஸ்தான் உப்புதான் வரும். அதையும் இந்துப்புன்னுதான் சொல்லிக் குடுப்போம்."